கடைசி வாரத்து வேலை

ரேடியோ வாங்கப் போனாலும் சரி, சுவர்க்கடிகாரம் வாங்கப் போனாலும் சரி, அவர் முதலில் அதைத் திருப்பி வைத்துப் பின்மூடியைத்தான் கழற்றச் சொல்வார். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தவருக்கு அவரைக் கண்டாலே கடுப்பு. "வாங்கற ஆளுங்க எல்லாம் முன்பக்கம் பாப்பாங்க சார். நீங்க ஒருத்தருதான் முதுகப் பாக்கறீங்க" என்று ஒரு நாள் என் எதிரிலேயே சொன்னார்.

"முன்பக்கத்த எவன் வேணும்னாலும் செஞ்சிருவாம்ப்பா" என்று சொல்லிவிட்டு, இவர் தன் சட்டைப் பையிலிருந்தே திருப்புளியை எடுத்தார். அந்தப் பையில் பேனா இருந்து நான் பார்த்ததில்லை.

அவரை நான் சார் என்றுதான் கூப்பிட்டேன். இப்போதும் அதுவே போதும். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பெங்களூரில் ஒரு பெரிய அரசு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர். அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரம் ஒன்று அடிக்கடி நின்றுபோகுமாம். ஏன் நிற்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்க வழியில்லை. அதன் இயங்குதளம் பூட்டிய வீடு. சாவி கடலுக்கு அப்பால் இருந்தது. நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஓசூர் தொழிற்பேட்டைக்கு வந்து, ஒரு லேத் பட்டறையின் பின்பக்க ஷெட்டில் உட்கார்ந்து, தானே ஒரு இயங்குதளம் எழுதத் தொடங்கினார். எங்கள் வாயில் அது ஓ.எஸ். கம்ப்யூட்டரை எழுப்புவதும், நினைவையும் டிஸ்க்கையும் பங்கிட்டுக் கொடுப்பதும், மற்ற நிரல்களை எல்லாம் கட்டி மேய்ப்பதும் அந்த ஒரு நிரல்தான். அதை ஒரு ஆள் தனியாக எழுதுவது என்பது, ஒரு ஆள் தனியாக ஒரு ஊருக்குச் சாக்கடை வெட்டி, தண்ணீர்க் குழாய் போட்டு, கரண்ட் கம்பம் நடுவது மாதிரி.

ஷெட்டும் மின்சாரமும் முதலும் பட்டறை முதலாளியுடையவை. அவர் ஓசூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, தொழிலாளிகளிடம் கன்னடம், எங்களிடம் இரண்டும் கலந்த தமிழ். சாருடைய வேலை அவருக்குப் புரிந்ததில்லை. ஆனால் படித்த மனிதர் ஒருவர் தன் ஷெட்டில் இருப்பதில் அவருக்குப் பெருமை இருந்தது.

நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். தர்மபுரியில் டிப்ளமோ முடித்து, ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இங்கே வந்தேன். அதற்குள் சார் பல வருஷ வேலையை முடித்திருந்தார். இன்னும் இரண்டு பையன்கள் நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உள்வேலை. எனக்குத் திரை வேலை. திரையில் என்ன தெரிய வேண்டும், எதை அழுத்தினால் எது வர வேண்டும் என்பது என் பொறுப்பு. என் மேஜைக்கு அந்தப் பையன்கள் வைத்த பெயர் கோலம் டிபார்ட்மெண்ட்.

சார் அப்படிக் கேலி பேசியதில்லை. அவர் சொன்னது அதைவிட மோசம். "வெளிய தெரியுதது எல்லாம் கடைசி வாரத்து வேலைம்மா. அவசரப்படாத. உள்ள முடியட்டும்." உள்ளே முடியவேயில்லை. நான் அவ்வப்போது சோதனை ஓட்டிக் கொடுப்பேன், கையேடு தட்டச்சு செய்வேன், தேநீர் சொல்லிவிடுவேன், கடைசி வாரத்துக்காகக் காத்திருப்பேன்.

அவர் எழுதியது சாதாரண வேலை இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஓசூரில் அப்போது மின்வெட்டுக்கு நேரம் காலம் கிடையாது. மற்ற கம்ப்யூட்டர்களில் கரண்ட் போனால் அதுவரை செய்ததெல்லாம் போச்சு. சாருடைய ஓ.எஸ். அப்படி இல்லை. பார்க்க வருபவர்களின் எதிரில், அவரே நடந்து போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவார். திரை செத்துப்போகும். வந்தவர் பதறுவார். சார் அவசரமில்லாமல் மறுபடி பிளக்கைச் செருகுவார். கொஞ்ச நேரத்தில், பாதி அடித்த சொல் பாதியிலேயே, கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டு, எல்லாம் இருந்தபடி வந்து நிற்கும். அது தானே எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். சேமி என்று யாரும் சொல்ல வேண்டாம். அழித்தாலும், டிஸ்க்கில் இடம் இருக்கும்வரை பழையது பத்திரமாக இருக்கும்.

அந்த ஒரு நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம். மற்ற நேரங்களில் அதிலும் ஒன்றும் தெரியாது.

அவர் மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுடைய அப்பா ஊரில் இறந்துபோனபோது, கார் பிடித்தது, லீவு சொன்னது, மகளைப் பக்கத்து வீட்டில் விட ஏற்பாடு செய்தது, ஊரில் பந்தலுக்கு ஆள் சொன்னது எல்லாம் சார்தான். அக்காவின் புடவைகளை மடித்துப் பையில் வைத்ததுகூட அவர்தானாம். ஆனால் மூன்றாம் நாள்வரை மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் வந்து உட்காரவில்லை. கொல்லையில் போய்ப் பழுதான மோட்டார் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். உறவுக்காரர்கள் கல்நெஞ்சுக்காரன் என்று பேசிக்கொண்டார்கள்.

அக்கா என்னிடம் அதைச் சொன்னபோது அழவில்லை. "உள்ள எல்லாம் இருக்கு, எனக்குத் தெரியும். ஆனா வெளிய ஒண்ணுமே இல்லாட்டா மத்தவங்க எத வச்சு நம்புவாங்க? நானே எத்தன வருசம் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கது? இவுகளுக்கு அதுவும் கடைசி வாரத்து வேலதான் போல" என்றார்.

முதல் வாடிக்கையாளர் கிருஷ்ணகிரி ரோட்டில் இருந்த ஒரு வார்ப்படத் தொழிற்சாலை, ஃபவுண்டரி. சின்னதுதான். சோதனைக்கு ஒரு இயந்திரம் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். உள்வேலை பாதியில் இருக்கும்போதே வாய்ப்பு வந்துவிட்டதால், திரையை என் இஷ்டத்துக்குச் செய்யும்படி ஆயிற்று. சார் எட்டிப் பார்க்கவேயில்லை.

நான் டிஸ்பாட்ச்சில் இருந்தபோது கேட்டதெல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. அங்கே யாரும் ஃபைல் எங்கே என்று கேட்பதில்லை. நேற்று செகண்ட் ஷிஃப்ட்டில் என்ன ஆச்சு, திங்கட்கிழமை காலையில் எவ்வளவு இருந்தது என்றுதான் கேட்பார்கள். சாருடைய ஓ.எஸ். எதையும் மறக்காதது. அப்படியானால் அந்த ஞாபகத்தையே திரையில் காட்டினால் என்ன என்று தோன்றியது. திரையின் அடியில் ஒரு கோடு போட்டேன். வலது ஓரம் இப்போது. கோட்டைப் பிடித்து இடதுபக்கம் நகர்த்த நகர்த்தத் திரை முழுவதும் பின்னால் போகும். காலை, நேற்று இரவு ஷிஃப்ட், முந்தாநாள். ஃபைல் கிடையாது, ஃபோல்டர் கிடையாது, சேமிக்கும் பொத்தான் கிடையாது. பெயர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் போட ஏற்பாடு செய்தேன்.

அது நன்றாக இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோடு சில சமயம் தடுமாறும். எழுத்துகள் சிறியவை. அந்த ஃபவுண்டரியின் சூப்பர்வைசர் முதல் இரண்டு நாள் முறைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் தானாகவே கோட்டை இழுத்துப் பார்க்கத் தொடங்கினார். "பரவாயில்லைங்க, சினிமா ரீலு மாதிரி ஓடுது" என்றார். இன்னும் சில மாதம் ஓடியிருந்தால் எது தேறும், எது தேறாது என்று தெரிந்திருக்கும்.

அதற்குள், நானும் சாரும் அங்கே இருந்த ஒரு நாள், அந்த ஃபவுண்டரி முதலாளியின் மகன் பெங்களூரிலிருந்து வந்தார். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். திரையைப் பார்த்தார், மௌஸை இப்படியும் அப்படியும் ஆட்டினார், எங்கள் இருவரையும் பார்த்தார்.

"என்ன சார் இது, கம்ப்யூட்டர் மாதிரியே இல்ல?"

அவ்வளவுதான் சொன்னார். வசையாகக்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சூளகிரி தாண்டியதும், "கம்ப்யூட்டர் மாதிரியே இல்லையாம்" என்றார். மறுநாள் காலை என் மேஜையில், எல்லாரும் அறிந்த அந்த வெளிநாட்டு சிஸ்டம் ஓடும் இயந்திரம் ஒன்று இருந்தது. பட்டறை முதலாளியின் நண்பர் யாரிடமோ இரவல் வாங்கியது.

"இதே மாதிரி போட்டுரும்மா" என்றார் சார்.

"எது மாதிரி சார்?"

"எல்லாம். கலரு, பட்டனு, ஜன்னல் மூடுத இடம், எல்லாம்."

"நம்முது உள்ள வேற மாதிரிங்களே சார். இதுல சேவ் பட்டன் இருக்குது. நமக்கு சேவ்வே கிடையாது. அதை அமுக்கினா என்னங்க நடக்கும்?"

"ஒண்ணும் நடக்க வேண்டாம். சும்மா இருக்கட்டும். அது இல்லைன்னா பயப்படுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மணல் கடிகாரம் இருக்குல்லா, அத ஒரு நிமிசம் சுத்த விடு. அப்பதான் நம்புவாங்க" என்றார்.

"அந்த சூப்பர்வைசருக்குப் புடிச்சிருந்துதுங்க சார். இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாம்."

"வாங்குதவரு சூப்பர்வைசரா? வேண்டாம்மா. முகத்துக்காக எல்லாம் சண்ட போட முடியாது. உள்ள நம்முது. அது போதும்."

டிஸ்க்கில் எழுதும் முறையில் ஒரு வரியை மாற்றலாமே என்று அந்தப் பையன்களில் ஒருவன் கேட்டதற்காக அவனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவர் அவர். அப்படிப்பட்டவர் முன்பக்கம் முழுவதையும், பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையனின் ஒற்றை வாக்கியத்துக்கு விட்டுக்கொடுத்தார். எனக்கு வலித்தது அதுதான். அவர் தோற்றிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் போராடவே இல்லை. அது போராடத் தக்க இடம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

செய்தேன். நான் கெட்டிக்காரி. அச்சு அசலாகச் செய்தேன். அதே சாம்பல் நிறம், அதே நீலப் பட்டை, அதே மூலையில் அதே சிறு பொத்தான். ஒன்றும் செய்யாத சேவ் பொத்தானை வைத்து, வேலை நடக்கிறது, பொறு என்று காட்டும் மணல் கடிகாரத்தையும் அதற்குச் சுற்ற விட்டேன்.

பிறகு அதை விற்பதற்காக ஒரு பெரிய தொழிற்சாலைக்குக் காட்டப் போனோம். ஓசூரிலேயே பெரியது. ஏசி போட்ட அறை, நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள். பட்டறை முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவருடைய நம்பிக்கை முழுவதும் அந்த அறையில் இருந்தது. வாங்கும் பிரிவின் மேலாளர் சென்னைக்காரர், இனிமையாகப் பேசுபவர். திரை எரிந்ததும் சிரித்தார்.

"இது அதேதானே சார்?"

"இல்ல சார். உள்ள முழுசா வேற. ஒரு வரிகூட வெளிய இருந்து எடுக்கல."

"பாக்க அதே மாதிரிதான் இருக்கு. அதுவே நாளைக்கு வாங்கிடலாமே. எங்க ஆளுங்களுக்கும் பழக்கம்."

சார் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். திரை செத்தது. யாரும் பதறவில்லை. மேலாளர் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே, "இங்க யு.பி.எஸ். இருக்கு சார், ஜெனரேட்டரும் இருக்கு. கரண்ட் போறது எங்களுக்கு ஒரு பிரச்சனையே இல்ல" என்றார். திரை மீண்டும் வந்து கர்சர் மினுக்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள் மட்டும்தான்.

மேலாளர் மரியாதைக்காக மௌஸைத் தொட்டார். இரண்டு சொல் அடித்தார். பழக்கத்தில் சேவ் பொத்தானை அழுத்தினார். மணல் கடிகாரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் காத்திருந்தார். எங்களைப் பார்த்தார்.

"அதவிட இது ஸ்லோவா இருக்கே சார்."

ஒன்றும் செய்யாத ஒரு பொத்தான் செய்வதுபோல் நடித்த நேரம் அது. சாரின் ஓ.எஸ். அந்தச் சொற்களை அவர் விரலை எடுப்பதற்குள் எழுதி வைத்துவிட்டிருந்தது. அதை எப்படிச் சொல்வது? பொத்தான் பொய் என்று சொன்னால்தான் உள்ளே உள்ளது உண்மை என்று சொல்ல முடியும். சார் வாயைத் திறந்தார். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

அந்த அறையிலிருந்து ஒரு சொல் மட்டும் வெளியே வந்து தொழிற்பேட்டை முழுவதும் நடந்தது. காப்பி. லேத் பட்டறையின் பின்னால் ஒருவர் வெளிநாட்டு சிஸ்டத்தைக் காப்பி அடித்து விற்கிறார் என்று கேன்டீன்களில் பேசிக்கொண்டார்கள். ஃபவுண்டரிக்காரர்கள் ஆள் அனுப்பி இயந்திரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பட்டறை முதலாளி ஷெட்டுக்குள் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏமண்டி சார், ஊருல ஏதேதோ சொல்றாங்க. நானு படிக்காதவன், எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களே நெஜம் சொல்லுங்க. காப்பியா?"

சார் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஏழெட்டு வருஷமாகத் தன் ஷெட்டில், தன் எதிரில், ஒரு மனிதர் ஒவ்வொரு எழுத்தாக எழுதியதைப் பார்த்தவர் கேட்கிறார். கத்தியிருக்கலாம். ஒரு நாற்காலியைத் தூக்கி எறிந்திருந்தால்கூட அந்த மனிதர் நம்பியிருப்பார். சாருடைய முகத்தில் ஒன்றுமே வரவில்லை. எழுந்து போய் இயந்திரத்தை அணைத்தார். முதலாளி அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "காப்பி அடிச்சது நான்தானுங்க சார், நீங்க சொல்லித்தான் அடிச்சேன். அதையாவது அவர்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?" என்றேன்.

"நீ அடிச்சது தோலும்மா. அவங்க எலும்பையும் சேத்துல்லா சொல்லுதாங்க."

"தோலத்தானுங்களே சார் அவங்களுக்குப் பாக்க முடியும்?"

அவர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கடைசி வயரையும் சுருட்டி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "நீ போட்ட அந்தக் கோட்ட அப்படியே விட்டிருக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் நன்றி சொல்லவில்லை. இன்றும் சொல்ல மாட்டேன். ஷெட்டில் எங்கள் மேஜைகள் இருந்த இடத்தில் அடுத்த மாதமே புதிய லேத் ஒன்று வந்து இறங்கியது. அக்கா அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. அவர்களுக்குள் சண்டை வரும் அளவுக்குப் பேச்சு எப்போதும் இருந்ததில்லை.

நான் வேறு கம்பெனி போனேன். கணக்கு நிரல்கள் எழுதும் வேலை. கொஞ்ச வருஷத்தில், பத்திரிகைகளோடு இலவசமாக வரும் சிடிக்களில், தனி ஆட்களும் சிறு குழுக்களும் எழுதிய இயங்குதளங்கள் வரத் தொடங்கின. கிடைத்ததை எல்லாம் போட்டுப் பார்த்தேன். எழுதியவர்கள் ஒவ்வொருவரும் பிடிவாதக்காரர்கள் என்பது உள்ளே நுழைந்தால் தெரியும். உலகத்தில் யாரும் செய்யாத ஒன்றை ஒவ்வொருவரும் செய்திருந்தார்கள். திறந்தவுடன் தெரிந்தது மட்டும் அதே சாம்பல் ஜன்னல், அதே மூலையில் அதே பொத்தான். எந்த நாட்டில், எந்த ஷெட்டில், யார் வந்து கம்ப்யூட்டர் மாதிரியே இல்லை என்று சொன்னார்களோ. பலம் முழுவதையும் உள்ளே கொட்டிவிட்டு, களைத்துப்போய், கடைசி வாரத்தில், பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்து வாசல் வைத்தவர்கள். அந்த வேலையை யாரிடம் கொடுத்திருப்பார்கள், அவளை என்னவென்று கேலி செய்திருப்பார்கள் என்றும் யோசித்தேன். ஒன்றையும் ஒரு மணிநேரத்துக்கு மேல் ஓடவிட்டதில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது கிருஷ்ணகிரியில். என் நாத்தனாரைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். துணிக்கடைக்கு மேல் மாடியில் ஒரு பயிற்சி மையம். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது. அதே குரல். எட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் அந்த வெளிநாட்டு சிஸ்டத்தின் திரையை அப்படியே கட்டம் கட்டி வரைந்திருந்தார். பெண்கள் பத்துப் பதினைந்து பேர் அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

"ஃபைல் மேல வைங்க. அமுக்குங்க. தொறக்கும். அதுல நாலாவது வரி. எல்லாரும் எழுதிக்கிட்டீங்களா?"

நரைத்திருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. பொட்டு வைத்த, கெட்டியான கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி முன் வரிசையில் எழுந்து நின்றாள்.

"சார், அதை அமுக்கறப்ப உள்ள என்ன சார் நடக்குது?"

சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. அவர் திரும்பவில்லை. இதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அந்த ஒரு கேள்விக்காகப் பெங்களூர் வேலையை விட்டவர். சொல்லத் தொடங்கினால் பொழுது சாயும்வரை நிறுத்த மாட்டார். நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு தடுப்புப் பலகையோடு ஒட்டி நின்றேன்.

"அது பரீட்சைக்கு வராதும்மா" என்றார். "உக்காரு. அஞ்சாவது வரி."